அண்ணா விட்டுப்போன ஒஸ்காரும் லோச்சும்: பழைய தொட்டியை எப்படிக் காப்பாற்றுவது?

கடற்காற்று, வெள்ளவத்தை:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா குடும்பத்தோடு கனடா போய்விட்டார். அவருடைய நாலடி மீன் தொட்டி இப்போது என் பொறுப்பு. உள்ளே ஒரு ஒஸ்கார், மூன்று குளவுன் லோச், பாசி தின்னும் பெரிய டேங்க் கிளீனர் மீன் ஒன்று. லோச் மூன்றும் அண்ணா ஏ.எல். படிக்கிற காலத்தில் வாங்கியவை. இப்போது அவருடைய மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒஸ்காருக்கு அவ்வளவு வயதில்லை, ஆனாலும் எட்டு ஒன்பது இருக்கும்.

தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒஸ்கார் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணுக்கு மேலே, தலைப்பக்கம், ஊசியால் குத்தினது போலச் சின்னச் சின்னக் குழிகள். லோச்சின் செம்மஞ்சள் நிறம் மங்கிப்போய் இருக்கிறது. கடையில் வாங்கிய பரிசோதனைப் பட்டியை நனைத்துப் பார்த்தேன், அமிலத்தைக் காட்டும் பி.எச். கட்டம் ஆகக் கீழே உள்ள மஞ்சளுக்குப் போய் நின்றுவிட்டது. விசா அலைச்சலில் அண்ணாவால் கடைசிக் காலத்தில் தொட்டியைக் கவனிக்க முடியவில்லை. வற்றின அளவுக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி.

மேல்மாடியில் இருக்கிற ஐயா முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதுசாக நிரப்பச் சொல்கிறார். சித்தப்பாவோ, இதுகளோடு உனக்கு மல்லுக்கட்ட ஏலாது, பொல்கொடை வாவியில் கொண்டுபோய் விடு என்கிறார். எனக்கு இந்த மீன்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கத்தான் விருப்பம். எங்கே தொடங்குவது?


நீர்க்குமிழி, கொட்டாஞ்சேனை:

முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டாம்!! இன்றைக்கு எதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் செய்து விடாதீர்கள் அக்கா. களனிக்கரை அண்ணா வந்து விளக்குவார்.


களனிக்கரை, கொலன்னாவை:

தங்கச்சி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். கொழும்பில் வயதான மீன்கள் போகிற வழி பெரும்பாலும் இதுதான். வயது வந்து செத்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். வயதாவது தண்ணீர்.

மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. பில்டரில் குடியிருக்கும் பக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இந்த வேலை நடக்கிற ஒவ்வொரு நாளும் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தை வாங்கிச் சமாளிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்று. கே.எச். என்று நாம் அளப்பது அதைத்தான். கொழும்புக் குழாய்க்குக் களனி ஆற்றுத் தண்ணீர் அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு வந்தாலும் சரி, லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வந்தாலும் சரி, மழை நிறையப் பெய்கிற, சுண்ணாம்புக்கல் இல்லாத நிலத்திலிருந்துதான் வருகிறது. அதனால் மென்மையான தண்ணீர். என் வீட்டுக் குழாயில் அளக்கும்போதெல்லாம் கே.எச். இரண்டு பாகைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பெரிய ஒஸ்கார் இருக்கிற தொட்டியில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும்.

வற்றினதற்கு மட்டும் ஊற்றினால் என்ன ஆகும்? ஆவியாகிப் போவது வெறும் நீர். நைட்ரேட்டும் மற்றக் கரைசல்களும் உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும். கே.எச். பூச்சியத்துக்கு வந்ததும் பி.எச். ஆறுக்குக் கீழே விழுந்துவிடும். அந்த அமிலத்தில் பில்டர் பக்டீரியா ஒழுங்காக வேலை செய்யாது, அமோனியா அப்படியே தேங்கும். ஆனால் மீன் உடனே சாகாது. ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அமோனியா அநேகமாக முழுவதும் அமோனியம் என்ற வடிவில் இருக்கும், அதில் நஞ்சு மிகக் குறைவு.

இனி மேல்மாடி ஐயாவின் யோசனைக்கு வருவோம். நீங்கள் தண்ணீரில் பெரும்பகுதியை இறைத்துவிட்டு பி.எச். ஏழரை உள்ள குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். மிச்சமிருக்கும் அமோனியம் நஞ்சு அமோனியாவாகத் திரும்பும். பி.எச். ஒன்று கூடினால் நஞ்சின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்கு கூடும். எங்கள் வெக்கைக்கு அது இன்னும் அதிகம். முழுவதும் இறைத்தாலும் தப்ப முடியாது. அமிலத்துக்கும் கரைசலுக்கும் பழகிய உடம்பு ஒரே நாளில் வேறு தண்ணீருக்கு மாறுவதைத் தாங்காது. காலையில் தொட்டி கழுவினேன், பின்னேரம் எல்லாம் மிதந்தது என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் தண்ணீர் கெட்டதாக இருந்ததால் அப்படி நடக்கவில்லை, நல்ல தண்ணீர் திடீரென்று வந்ததால் நடந்தது.

எனவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் சொட்டு விட்டுப் பார்க்கிற அமோனியா பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள், பட்டியை நம்ப வேண்டாம். பிறகு ஒவ்வொரு நாளும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். உங்கள் தொட்டி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 250 லீற்றர் அளவு பிடிக்கும். நாளைக்கு 25 லீற்றர், அதாவது இரண்டு வாளிக்குக் கொஞ்சம் கூட. இப்படிச் செய்தால் பத்து நாளில் பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், மீனுக்கு அது நடந்ததே தெரியாது. அமோனியா காட்டினால் அமோனியாவைக் கட்டுகிற கண்டிஷனரை முழுத் தொட்டிக்கும் கணக்குப் பார்த்து விடுங்கள். அமோனியா இறங்கும்வரை பி.எச். ஏழைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் காணும்.

ஊற்றுகிற தண்ணீருக்கு அன்டி குளோரின் கட்டாயம். அல்லது வாளியில் காற்றுக் குமிழி விட்டு ஒரு நாள் வையுங்கள்.

பில்டரை இப்போது தொடாதீர்கள். ஓட்டம் குறைந்திருந்தால் ஸ்பொஞ்சை எடுத்து, தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்துவிட்டுத் திரும்ப வையுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பக்டீரியாவைக் கொன்றுவிடும்.


கோப்பாய்க் கிணறு, இப்போது பம்பலப்பிட்டி:

அண்ணா எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஊரில் அப்பா கிணற்றுத் தண்ணீரில் மீன் வளர்த்தார். தண்ணீர் மாற்றுவது வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும்தான், ஆனால் பி.எச். விழுந்தது என்ற கதையே கிடையாது. கேத்திலில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்புதான் தொட்டியையும் தாங்கியிருக்கிறது போல.

அப்படியென்றால் கொழும்புத் தொட்டிக்குள் சுண்ணாம்புக்கல் போட்டுவிட்டால் காணுமா?


களனிக்கரை, கொலன்னாவை:

பிடித்துவிட்டீர்கள் தம்பி. யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவதால் கே.எச். எப்போதும் உயரம். அங்கே பி.எச். விழாது, ஆனால் அமோனியா கொஞ்சம் கூடினாலும் அடி பலமாக இருக்கும். 28 பாகை வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான் நஞ்சு. அதுவே 8 என்றால் நூற்றில் ஆறுக்கும் மேல். அதனால் அங்கேயும் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும். அப்பாவின் மீன்கள் எத்தனை வருடம் இருந்தன என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே கல் போடலாம், ஆனால் தண்ணீர் மாற்றுவதற்குப் பதிலாக அல்ல. முருகைக்கல் வேண்டாம், கடலிலிருந்து அதை எடுப்பதே சட்டவிரோதம். கறிக்கு வாங்குகிற மட்டியின் ஓடுகளை அவித்துக் கழுவி, கைப்பிடியளவு வலைப்பையில் கட்டி, பில்டரில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வையுங்கள். அமிலம் வரும்போது தானாகக் கரையும், இல்லாதபோது சும்மா கிடக்கும். அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

அவசரமென்றால் அப்பச்சோடா. 100 லீற்றருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஒரு பாகை கூடும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். அமோனியா இருக்கிற தொட்டிக்கு இப்போதைக்கு அதுவும் வேண்டாம்.


நீர்க்குமிழி, கொட்டாஞ்சேனை:

தண்ணீர் விஷயத்தில் அண்ணாவோடு முழு உடன்பாடு. ஆனால் தலையில் குழி விழுந்திருக்கிறது என்கிறாரே அக்கா. அதற்கு மெட்ரோனிடசோல் இப்போதே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒஸ்காருக்கு அந்தக் குழி பெரிதாகிவிட்டால் வடு போகாது. மீன் சாப்பிட மறுத்த பிறகு மருந்தைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கவும் முடியாது. காத்திருக்கச் சொல்வது ஆபத்து.


களனிக்கரை, கொலன்னாவை:

தம்பி, அந்தக் குழிக்குக் குடல் ஒட்டுண்ணி காரணம் என்று ஒரு சாரார் சொல்வார்கள், சத்துக் குறைவு என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். நான் கண்டவரை அழுக்குத் தண்ணீர் இல்லாத இடத்தில் அது வந்ததில்லை. பில்டர் பக்டீரியா ஏற்கெனவே பாதி உயிரில் இருக்கிறது, இப்போது தொட்டிக்குள் மருந்தை ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் தண்ணீர். குழி பெரிதானால், அல்லது எச்சம் வெள்ளை நூலாக இழுபட்டால் மருந்துக்குப் போகலாம்.


நீர்க்குமிழி, கொட்டாஞ்சேனை:

எச்சம் பற்றிச் சொன்னது நியாயம். அக்கா அதைக் கவனித்துச் சொல்லட்டும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை.


கடற்காற்று, வெள்ளவத்தை:

எச்சம் சாதாரண நிறம்தான். இன்றைக்கு அமோனியா பார்த்தேன். பச்சை நன்றாக ஏறியிருக்கிறது, அமோனியா இருக்கிறது. கண்டிஷனர் விட்டு இரண்டு வாளி மாற்றினேன்.

இன்னொரு பயம். லோச் ஒன்று மரக்கட்டைக்குக் கீழே பக்கவாட்டில் சாய்ந்தபடி கிடக்கிறது. செவுள் மட்டும் அசைகிறது. முடிந்துவிட்டதா?


லோச் வீடு, தெஹிவளை:

பயப்பட வேண்டாம் அக்கா, அது தூங்குகிறது. குளவுன் லோச் பக்கவாட்டில் மட்டுமல்ல, தலைகீழாகக் கூடச் செருகிக்கொண்டு படுக்கும். புதிதாகப் பார்க்கிற எல்லோரும் பதறித்தான் போவார்கள். சாப்பாடு போட்டதும் எழும்பி வருகிறதா பாருங்கள். வந்தால், தொட்டிக் கண்ணாடியில் காதை வைத்துக் கேளுங்கள், டிக் டிக் என்று சத்தம் கேட்கும். மகிழ்ச்சியாகச் சாப்பிடும்போது அவை போடுகிற சத்தம் அது. என் வீட்டில் இரவு லைட்டை அணைத்த பிறகும் கேட்கும்.

லோச்சைப் பற்றி நான் சொல்லியாக வேண்டிய சில விஷயங்கள். போர்னியோ, சுமத்திரா ஆறுகளின் மீன் இது. 20 வருடம் என்பது அதற்குப் பெரிய வயதில்லை, நன்றாகப் பார்த்தால் அதற்கும் மேலே இருக்கும். 30 சென்டிமீற்றர் வரை வளரும், ஆனால் மெதுவாக. கடையில் விரலளவில் இருப்பதைப் பார்த்து இரண்டடித் தொட்டிக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். தொட்டி சின்னதென்றால் மீனும் சின்னதாகவே இருக்கும் என்று கடையிலேயே சொல்கிறார்கள். மீன் அப்படித் தன்னை அளவெடுத்து வளர்வதில்லை. கழிவு சேர்ந்த தண்ணீரில் வளர்ச்சி குன்றிப்போகிறது, முதுகு வளைகிறது, பாதி வயதில் சாகிறது. உங்கள் அண்ணா அந்தக் காலத்திலேயே நாலடித் தொட்டி போட்டதால்தான் இவை இந்த வயதுக்கு வந்திருக்கின்றன. அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

கண்ணுக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் முள் ஒன்று உண்டு. பயந்தால் அதை விரிக்கும். வலை போட்டுப் பிடித்தால் அந்த முள் வலையில் சிக்கிக்கொள்ளும், இழுத்தால் கண்ணே போய்விடும். மாற்ற வேண்டி வந்தால் பிளாஸ்டிக் பாத்திரத்துக்குள் ஓட்டிவிட்டுத் தண்ணீரோடு தூக்குங்கள்.

வெள்ளைப்புள்ளி வருத்தம் முதலில் பிடிப்பது லோச்சைத்தான். செதில் மிகச் சின்னது, அதனால் செம்பு, போமலின் மருந்துகளைத் தாங்காது. போத்தலில் எழுதியிருப்பதில் பாதியோடு தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் ஹீட்டர் தேவைப்படுவது இதற்கு மட்டும்தான்: தண்ணீரை 30 பாகைக்கு ஏற்றி, காற்றைக் கூட்டி, மருந்தைக் குறைத்து.

இவை கூட்டமாக இருக்கிற மீன். மூன்று என்பது குறைவுதான், ஆனால் உங்கள் தொட்டியில் இன்னும் சேர்க்க இடமில்லை. அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.


பொன்மீன், வத்தளை:

இழை ஒஸ்காரைப் பற்றியது என்று தெரியும், ஆனாலும் தங்கமீனுக்காக யாராவது பேச வேண்டும். நீண்ட ஆயுள் என்றால் அது தங்கமீன்தான். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 1956-ல் ஒரு கண்காட்சியில் பரிசாகக் கிடைத்து, 1999 வரை, 43 வருடம் இருந்தது. நாமோ அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, பிறந்தநாள் பரிசாகக் கொடுத்து, இரண்டு மாதத்தில் தூக்கி எறிகிறோம். எனக்கு இது உண்மையிலேயே மனவருத்தம்.

இங்கே தங்கமீனுக்கு எதிரி வெக்கை. 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒக்சிஜன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். அதே நேரம் வெக்கையில் மீனின் உடம்பு வேகமாக ஓடும், கூட ஒக்சிஜன் கேட்கும். ஆகவே குளிர் நாட்டுப் புத்தகக் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஒரு மீனுக்கு அவர்கள் சொல்கிற தண்ணீரைவிடக் கூடவே கொடுங்கள், காற்று இரவு பகல் ஓட வேண்டும். தொட்டியை மேற்குப் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஏப்ரல் மாதத்தில் தண்ணீருக்கு மேலே சின்ன மின்விசிறி ஒன்றைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும், ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும். பருத்த உடம்புத் தங்கமீனுக்கு அமிழ்கிற சாப்பாடு, கிழமைக்கு ஒரு தரம் தோலுரித்து அவித்த பட்டாணி.

ஒஸ்கார் அக்காவுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு: மீன்கள் மேலே வந்து வாயால் காற்றை இழுத்தால் வெப்பமானியைப் பாருங்கள்.


கரண்ட் கட், கிருலப்பனை:

இரண்டாவது பெரிய கொலையாளியை ஒருவரும் சொல்லவில்லையே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம், நினைவிருக்கிறதா? அந்த மாதங்களில் பெரிய மீன் வைத்திருந்தவர்கள்தான் கூடுதலாக இழந்தார்கள். சின்ன மீன் தாங்கும். ஒரு அடி ஒஸ்கார் தொட்டியில் காற்று நின்றால் சில மணித்தியாலம்தான். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்டபோதும் அதே கதை.

யூஎஸ்பியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றும், கைப்பேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்க் ஒன்றும் காணும், ஒரு இரவு தாராளமாக ஓடும். மின்சாரம் போனால் சாப்பாடு போடாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள்.

முக்கியமானது இதற்குப் பிறகுதான். வெளியே வைக்கிற மூடிய பில்டர் என்றால், உள்ளே நின்ற தண்ணீரில் ஒக்சிஜன் தீர்ந்து பக்டீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அது தானாக ஓடினால் அந்த நாற்றத் தண்ணீர் அத்தனையும் தொட்டிக்குள் போகும். நீண்ட நேரம் நின்றிருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, பில்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை ஊற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரால் அலசிப் பூட்டுங்கள். கூடவே ஒரு ஸ்பொஞ் பில்டரும் தொட்டிக்குள் இருந்தால் நல்லது, விலையும் குறைவு.


கோப்பாய்க் கிணறு, இப்போது பம்பலப்பிட்டி:

அப்பாவிடம் கேட்டேன் அண்ணா. மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றும் இருந்ததில்லையாம்.


ஓடைமீன், பொரளை:

சித்தப்பாவின் பொல்கொடை யோசனைக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நிறையப் பேர் புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள்.

பொல்கொடை பாணந்துறையில் கடலோடு சேர்கிற வாவி. உப்பில்லாத மென்மையான தண்ணீரில் பல வருடம் வாழ்ந்த லோச்சை அங்கே விட்டால் அதற்கு விடுதலை கிடைக்காது, சாவுதான். ஒஸ்காரும் டேங்க் கிளீனரும் பிழைத்தாலோ பாதிப்பு மற்றவற்றுக்கு. தொட்டிக்கென்று கொண்டுவந்த கத்தி மீன் இப்போது பொல்கொடையில் தூண்டிலில் அகப்படுகிறது. அது ஊனுண்ணி, உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்னும். டேங்க் கிளீனர் கரையோரச் சேற்றில் நீளமாக வளை தோண்டி முட்டையிடும், கரை இடியும். அதன் உடம்புக் கவசத்தால் பெரிய மீன்களும் கொக்கும் அதைத் தின்ன அஞ்சும், மீனவரின் வலையையும் கிழிக்கும். தொட்டியில் பாசி தின்னும் என்று விரல் நீளத்தில் விற்கிறார்கள், 40 சென்டிமீற்றருக்கு வளர்ந்த பிறகு யாருக்கும் வேண்டாம்.

நம் நாட்டுக்கு மட்டுமே உரிய மீன்கள் எத்தனை! களனியிலிருந்து நில்வலா வரையான ஆற்றுப் படுகைகளின் நிழல் ஓடைகளில் இருக்கும் புலத் ஹபயாவை ஆண் மீன் சிவந்து கறுத்து நிறம் காட்டும் காலத்தில் ஒரு முறை பார்த்திருந்தால் ஒருவரும் ஒஸ்காரை வெளியே விட மாட்டார்கள். வைத்திருக்க முடியாவிட்டால் பெரிய தொட்டி உள்ள கடைக்குக் கொடுங்கள், இங்கே வந்து கேளுங்கள். ஆற்றுக்கு மட்டும் வேண்டாம்.


நீர்க்குமிழி, கொட்டாஞ்சேனை:

அதோடு, வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. ஒஸ்கார் பத்துப் பதினைந்து வருடம், லோச் 20க்கு மேல், ஜயன்ட் கௌராமி அரை மீற்றருக்கு மேல் வளர்ந்து அதே போல நீண்ட காலம். சன் பிரான்சிஸ்கோவில் மெதூசலா என்ற அவுஸ்திரேலிய நுரையீரல் மீன் 1938-லிருந்து இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை தலைமுறை மாறியிருப்பார்கள். எங்கள் வீடுகளிலோ யார் எப்போது வெளிநாடு போவார் என்று சொல்ல ஏலாது. வாடகை வீடு மாறுகிறது, பிளட்டில் நாலடித் தொட்டி தண்ணீரோடு 300 கிலோவுக்கு மேல், லிப்டும் இல்லை. உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார் என்று ஒரு பெயராவது சொல்ல முடியாவிட்டால் கப்பி, மொலி போதும். அவையும் அழகான மீன்கள்தான்.


லோச் வீடு, தெஹிவளை:

தம்பி, உடன்படுகிறேன், ஆனால் அப்படிப் பார்த்தால் ஒருவரும் நாய்கூட வளர்க்க முடியாது. பெயர் சொல்வதைவிட ஒரு கொப்பி எழுதி வைப்பது நடைமுறைக்கு நல்லது என்று நினைக்கிறேன். எந்த மீன், எந்த வருடம் வாங்கியது, என்ன சாப்பிடும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, தொட்டியின் கே.எச். எவ்வளவு. அடுத்தவருக்குத் தொட்டியோடு அதையும் கொடுங்கள்.


நீர்க்குமிழி, கொட்டாஞ்சேனை:

கொப்பி நல்ல யோசனை. பெயரும் வேண்டும்.


கடற்காற்று, வெள்ளவத்தை:

நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன். அமோனியா இறங்கிவிட்டது. பி.எச். ஆறரைக்கு மேல் நிற்கிறது. ஒஸ்கார் நேற்று வில்லைச் சாப்பாட்டை மேலே வந்து பறித்துத் தின்றது. குழிகள் இருக்கின்றன, ஆனால் பெரிதாகவில்லை, ஓரங்கள் மூடுவது போல இருக்கிறது. லோச்சின் சத்தம் எனக்கும் கேட்டது! அண்ணாவுக்குக் காணொளி அனுப்பினேன், அவருக்குப் பேச்சே வரவில்லை. மட்டி ஓடும் கட்டிப் போட்டாயிற்று. சித்தப்பாவுக்கு ஓடைமீன் எழுதியதை வாசித்துக் காட்டினேன், அவர் இப்போது பொல்கொடை என்ற பேச்சை எடுப்பதில்லை.

மூன்று கேள்விகள். இனிமேல் எவ்வளவு மாற்றுவது? ஒஸ்காருக்கு அண்ணா சின்ன மீன் உயிரோடு வாங்கிப் போடுவாராம், தொடரவா? நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு கிழமை ஊருக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவிடம் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகலாமா?


களனிக்கரை, கொலன்னாவை:

மிகவும் சந்தோஷம் தங்கச்சி.

இனிக் கிழமைக்கு ஒரு தரம், நாலில் ஒரு பங்கு. நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், நினைத்தபோது செய்வது பிறகு செய்யாமலே போய்விடும். நைட்ரேட் ஏறினால் மூன்றில் ஒன்றாக்குங்கள். மாதம் ஒரு தரம் குழாய்த் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வரட்சிக் காலத்தில் களனியில் உப்புநீர் மேலேறும், மழை வெள்ளத்தில் தண்ணீர் வேறு மாதிரி இருக்கும், சில நாள் குளோரின் மணமும் தூக்கலாக வரும். அப்படியான நாளில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் குற்றமில்லை.

உயிர்மீன் வேண்டாம். கடையில் நெருக்கி வைத்திருக்கிற சின்ன மீன் வருத்தத்தை நேரே உள்ளே கொண்டுவரும், சத்தும் குறைவு. நல்ல வில்லைச் சாப்பாடு, இடைக்கிடை தோலோடு நறுக்கிய இறால், மண்புழு. மாட்டிறைச்சி, கோழி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கொழுப்பு மீனின் ஈரலில் சேரும். வளர்ந்த ஒஸ்காருக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை, கிழமையில் ஒரு நாள் பட்டினி. அது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து கெஞ்சும், உங்கள் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும், மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் போகிற கிழமை ஒன்றும் போட வேண்டாம். வளர்ந்த மீன்கள் ஒரு கிழமை சாப்பிடாமல் தாராளமாக இருக்கும். டேங்க் கிளீனருக்கு மரக்கட்டை இருக்கிறது, ஒரு துண்டு பூசணிக்காயைக் கல்லில் கட்டி முதல் நாள் போட்டு, கிளம்புமுன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீரை மாற்றிவிடுங்கள், புறப்படுகிற அன்றைக்குப் பில்டரில் கை வைக்க வேண்டாம். லைட் அணைந்தே இருக்கட்டும், மூடிக்கு மேலே பாரம் வையுங்கள், ஒஸ்கார் குதிக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சாப்பாட்டு டின்னைக் கொடுக்காமல் சாவியை மட்டும் கொடுங்கள். காலையும் பின்னேரமும் ஒருக்கால் எட்டிப் பார்த்து, காற்றுக் குமிழி வருகிறதா, தண்ணீர் நிலத்தில் சிந்தியிருக்கிறதா என்று பார்த்தால் காணும். யூஎஸ்பி பம்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே பூட்டி, பவர் பேங்கை நிறைத்து வையுங்கள். மின்சாரம் போனால் எந்த வயரை எதில் செருகுவது என்று அவரையே ஒரு தரம் செய்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.